நல்லவர், கெட்டவர் என்பதைத் தாண்டி இங்கிலிஷில் கதைப்பது எப்படி

நேர்முகத் தேர்விலோ, வெளிநாடு போக எடுக்கிற ஐஈஎல்டிஎஸ் இங்கிலிஷ் பரீட்சையின் பேச்சுப் பகுதியிலோ, இல்லாவிட்டால் கனடாவில் இருந்து லீவுக்கு வந்த மச்சாளோடு கதைக்கும்போதோ, “நீங்கள் மதிக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்ற கேள்வி எப்படியும் வரும். வந்தவுடன் எங்கட பிள்ளைகள் “மை ஃபாதர் இஸ் எ வெரி குட் மேன், ஹி இஸ் ஒனஸ்ட், ஹி இஸ் கைன்ட், ஹி இஸ் ஹெல்ப்ஃபுல்” என்று நாலு சொல்லை அடுக்கிவிட்டு முகட்டைப் பார்ப்பார்கள். அதே பிள்ளையிடம் தமிழில் கேளுங்கள். “அப்பா கடையில கடன் வச்சால் சம்பளம் எடுத்த அன்று பின்னேரமே அதைக் குடுத்திட்டுத்தான் வீட்டை வருவார்” என்று ஒரே வசனத்தில் ஆளைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

தமிழில் இவ்வளவு கெட்டித்தனமாகக் கதைக்கிற பிள்ளை இங்கிலிஷில் வாயடைத்துப் போவதற்குக் காரணம், பண்புப் பெயர்களைப் பாடமாக்கினால் காணும் என்று சொல்லிக் குடுத்து வைத்திருப்பதுதான். ஒனஸ்டி, லொயல்ட்டி, கைன்ட்னஸ், ரெஸ்பெக்ட் என்று ஒரு கொப்பி முழுக்க இருக்கும், ஒன்றையும் வசனத்துக்குள் வைத்துச் சொல்ல வராது. இங்கிலிஷ்காரரும் நாங்கள் ஊரில் கதைப்பது போலத்தான் கதைக்கிறார்கள்: ஆள் என்ன செய்தார் என்பது முதலில் வரும், அதற்கு என்ன பெயர் என்பது பிறகுதான், பல நேரம் அந்தப் பெயர் வருவதே இல்லை.

செய்ததைச் சொல்லத் தெரிய வேண்டும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்குகிறீர்கள், 1000 ரூபாய் என்று நினைத்து 5000 ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு, குடுத்த மிச்சத்தை எண்ணாமல் பையுக்குள் வைத்துக்கொண்டு சைக்கிள் நிற்கிற இடத்துக்கு வந்துவிடுகிறீர்கள், விற்ற அம்மா பின்னால் ஓடிவந்து நாலு ஆயிரம் ரூபாய்த் தாள்களைக் கையில் திணிக்கிறார். இதை எப்படிச் சொல்வது? “ஷி ரான் ஆஃப்டர் மி அன்ட் கேவ் மி பாக் த மணி.” சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். இப்போது இன்னொரு வசனம் சேருங்கள்: “ஷி குட் ஈஸிலி ஹாவ் கெப்ட் இட்.” அவர் நினைத்திருந்தால் வைத்துக்கொண்டிருக்கலாம் என்று அர்த்தம். கதையின் பாரம் முழுக்க இந்த இரண்டாவது வசனத்தில்தான் இருக்கிறது. செய்யாமல் விட்டிருக்கலாம், ஆனாலும் செய்தார், அதனால்தான் அது நேர்மை. “குட் ஹாவ்” என்ற இந்த அமைப்பு உங்கள் வாயில் புரளத் தொடங்கினால் பாதிக் கிணறு தாண்டினது மாதிரி. “ஹி குட் ஹாவ் ப்ளேம்ட் சம்வன் எல்ஸ்”, மற்றவன் தலையில் பழியைப் போட்டிருக்கலாம். “தே குட் ஹாவ் ஸ்டேய்ட் சைலன்ட்”, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒனஸ்ட் என்ற சொல்லே வராமல் ஆளின் நேர்மை கேட்கிறவருக்கு விளங்கிவிடும்.

செய்கைகளுக்கு என்று சில சேர்க்கைகள் இருக்கின்றன, அவற்றைத் தனிச்சொல்லாகப் பிரிக்காமல் ஒரே மூச்சில் சொல்லிப் பழக வேண்டும். சொன்ன சொல் காப்பாற்றுகிறவர் “கீப்ஸ் ஹிஸ் வேர்ட்”. சீட்டுக் கட்டும்போது முதல் ஆளாக எடுத்துவிட்டுப் பிறகு மாதக்காசு கட்டாமல் ஒளித்துத் திரிகிறவர் “வென்ட் பாக் ஆன் ஹிஸ் வேர்ட்”. செய்த பிழையைத் தானே வந்து ஒத்துக்கொண்டால் “ஓன்ட் அப் டு இட்”. ஒருவரும் கண்டுபிடிக்காமல் தப்பிவிட்டால் “கொட் அவே வித் இட்”. நம்பினவர்களைக் கைவிட்டால் “லெட் தெம் டவுன்”. தன் வேலையை விட்டுவிட்டு மற்றவனுக்காக அலைந்தால் “வென்ட் அவுட் ஒஃப் ஹிஸ் வே டு ஹெல்ப்”, செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து பந்தல், கதிரை, ஐயர், பெட்டி என்று எல்லா அலுவலும் பார்த்துவிட்டு எட்டுச் செலவு வரைக்கும் நிற்கிற அந்த ஒரு சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், அவருக்கென்றே செய்தது போல ஒரு சேர்க்கை. “ஸ்டான்ட் பை” என்பதையும் “ஸ்டான்ட் அப் ஃபொர்” என்பதையும் போட்டுக் குழப்ப வேண்டாம். முதலாவது கஷ்டத்தில் பக்கத்தில் நிற்பது, இரண்டாவது ஒருவருக்காக எழும்பி வாய் திறப்பது.

நன்றி மறவாமைக்கும் இதே வழிதான். கிராட்டிட்யூட் என்று தேடிக்கொண்டு நிற்காமல் “ஷி நெவர் ஃபொகொட் வட் ஹி டிட் ஃபொர் ஹேர்” என்று சொல்லுங்கள். இடம்பெயர்ந்து போன காலத்தில் வீட்டில் இடம் தந்தவர்களின் பேரப்பிள்ளைக்கு இன்றைக்கும் தைப்பொங்கலுக்கு உடுப்பு எடுத்துக் குடுக்கிற அம்மம்மாவைப் பற்றி இதை விடத் துலக்கமாகச் சொல்ல முடியாது.

நேர்மைக்கு ஒரு சொல் காணாது

எல்லாவற்றுக்கும் ஒனஸ்ட் என்று போடுவதுதான் எங்கட ஆக்களின் வழமை. அது பொய் சொல்லாத, களவு செய்யாத ஆளுக்குப் பொருந்தும், அவ்வளவுதான். நம்பி ஒரு பொறுப்பைக் குடுக்கலாம் என்றால் “ட்ரஸ்ட்வேர்தி”. சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலை நடக்கும் என்றால் “ரிலையபிள்”. இந்த இரண்டும் ஒன்றல்ல, காசுப்பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு குடுக்கலாம் ஆனால் ஒன்பது மணிக்கு வா என்றால் பத்தரைக்கு வருகிற ஆட்கள் எங்களுக்கு நல்லாகத் தெரியும்.

“இன்டெக்ரிட்டி” கொஞ்சம் பெரிய சொல். ஒருவரும் பார்க்காத இடத்திலும் ஆள் அதே ஆள்தான் என்பது அதன் சாரம். கணக்குப் பாடத்தில் முழு எண்ணுக்கு இன்டீஜர் என்று படித்திருப்பீர்கள், இரண்டுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல், முழுமையானது, பின்னப்படாதது என்று பொருள். வெளியில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம் என்று பின்னம் பின்னமாக இல்லாத ஆள். ஹி இஸ் இன்டெக்ரிட்டி என்றோ, ஹி இஸ் வெரி இன்டெக்ரிட்டி என்றோ சொல்ல முடியாது; “ஹி ஹாஸ் இன்டெக்ரிட்டி” அல்லது “எ மேன் ஒஃப் இன்டெக்ரிட்டி”. பன்மையும் இல்லை.

“சின்சியர்” பற்றி ஒரு சொல். எங்கட பக்கத்திலும் இந்தியாவிலும் மனம் வைத்து வேலை செய்கிறவரை சின்சியர் வேர்க்கர் என்று சொல்கிற வழக்கம் இருக்கிறது. லண்டனில் இருக்கிறவருக்கு அது கொஞ்சம் விநோதமாகக் கேட்கும், அவர்களுக்கு அந்தச் சொல் உணர்ச்சிக்கும் பேச்சுக்கும் உரியது: “எ சின்சியர் அப்பொலொஜி”, உள்ளத்தால் கேட்ட மன்னிப்பு. வேலையைக் கவனமாக, மனச்சாட்சியோடு செய்கிறவருக்கு அவர்கள் சொல்வது “கொன்ஷியென்ஷஸ்”. வேலை விண்ணப்பக் கடிதத்தில் இந்த ஒரு சொல்லை மாற்றினாலே கடிதம் நிமிர்ந்துவிடும்.

அந்தச் சொல்லைச் சொன்ன உடனே அதன் அக்கா தங்கைகளும் வந்துவிடும். “கொன்ஷன்ஸ்” மனச்சாட்சி. “கொன்ஷஸ்” உணர்வோடு இருப்பது, மயக்கம் தெளிந்த நோயாளிக்கு டொக்டர் சொல்வது. “மை கொன்ஷன்ஸ் இஸ் கிளியர்”, என் மனச்சாட்சி சுத்தம். “எ கில்ட்டி கொன்ஷன்ஸ்”, உள்ளுக்குள் குத்துகிற மனச்சாட்சி. “ஐ டோன்ட் வோன்ட் தட் ஒன் மை கொன்ஷன்ஸ்”, அந்தப் பழி என் தலையில் வேண்டாம். பரீட்சையில் மை கொன்ஷஸ் இஸ் கிளியர் என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

“மொரல்” என்று முதல் அசையை அழுத்தினால் ஒழுக்கம். “மொரால்” என்று இரண்டாவதை இழுத்தால் ஒரு குழுவின் உற்சாகம், மனத்தெம்பு. “பிரின்சிபிள்” கொள்கை, “பிரின்சிபல்” அதிபர். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரித்தான் கேட்கும், எழுதும்போதுதான் வில்லங்கம். இதை விட முக்கியம் முன்னால் வருகிற சின்னச் சொல். “ஒன் பிரின்சிபிள்” என்றால் கொள்கைக்காக: “ஐ றிஃபியூஸ்ட் ஒன் பிரின்சிபிள்”, காசு காணாமல் அல்ல, கொள்கைக்காக மறுத்தேன். “இன் பிரின்சிபிள்” என்றால் அடிப்படையில் சரி, விபரங்கள் இனிப் பார்க்க வேண்டும். “வி அக்ரீ இன் பிரின்சிபிள்” என்று ஒரு அலுவலகம் உங்களுக்குக் கடிதம் போட்டால் துள்ளிக் குதிக்க வேண்டாம், அவர்கள் இன்னும் ஒன்றுக்கும் கையெழுத்து வைக்கவில்லை.

“வல்யூ” ஒருமையில் பெறுமதி, “வல்யூஸ்” பன்மையில்தான் விழுமியம். “மை வல்யூ இஸ் ஒனஸ்டி” என்று சொல்லாமல் “ஒனஸ்டி மட்டர்ஸ் டு மி” என்று சொல்லிப் பாருங்கள். அல்லது வளர்ப்பில் இருந்து தொடங்கலாம்: “ஐ வொஸ் ப்ரோட் அப் டு ரெஸ்பெக்ட் எல்டர்ஸ்”, பெரியவர்களை மதிக்கச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். இந்த “ப்ரோட் அப் டு” நேர்முகத் தேர்வில் நன்றாக வேலை செய்யும், பெருமையடிக்கிற மாதிரி இல்லாமல் உங்களைப் பற்றிச் சொல்லலாம்.

“பிலீவ் இன்” இன்னொன்று. “ஐ பிலீவ் யூ” என்றால் நீ சொல்வதை நம்புகிறேன். “ஐ டோன்ட் பிலீவ் இன் டேக்கிங் டௌரி” என்றால் சீதனம் வாங்குவது சரியில்லை என்பது என் நிலைப்பாடு. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த மாப்பிள்ளை வீட்டோடு கதைக்க வேண்டி வந்தால் இந்த வசனம் உதவும், அதைச் சொல்லிவிட்டுக் காரும் வீடும் கேட்கிற ஆட்களும் உண்டு என்பது வேறு கதை.

பாவம், வெட்கம், பிழை

எங்கட தமிழில் இருந்து நேரே தூக்கிக்கொண்டு போனால் சறுக்குகிற இடங்கள் இவை, இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பாவம் என்ற சொல் எங்களுக்கு இரண்டு வேலை செய்கிறது. செய்தால் நரகம் என்கிற பாவமும் அதுதான், கால் முறிந்த நாய்க்குட்டியைப் பார்த்து “ஐயோ பாவம்” என்று சொல்வதும் அதுதான். சிங்களத்திலும் அப்படியே. அதனால் இலங்கை இங்கிலிஷில் “வட் எ சின்” என்று சொன்னால் பரிதாபம் என்றே கொழும்பில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் விளங்கும். ஹீத்ரோவில் இறங்கினால் விளங்காது. அங்கே சின் என்பது கடவுளுக்கு விரோதமான குற்றம், நோயாளியைப் பார்த்து அதைச் சொன்னால் அவர் என்ன பாவம் செய்தார் என்று திகைப்பார்கள். அங்கே “புவர் திங்” என்று சொல்லுங்கள், பெரியவர்களைப் பற்றியென்றால் “ஐ ஃபீல் சொரி ஃபொர் ஹிம்”. ஊரில் ஊர் இங்கிலிஷ் கதைப்பதில் ஒரு குறையும் இல்லை, ஆளைப் பார்த்து மாற்றத் தெரிந்தால் சரி.

அப்பாவி என்பதற்கு “இன்னொசன்ட்” என்று போடுவதும் அப்படித்தான். அமைதியான, சூதுவாது தெரியாத பெடியனை ஹி இஸ் வெரி இன்னொசன்ட் என்றால் ஊரில் விளங்கும். வெளியில் அந்தச் சொல்லுக்கு முதலில் ஞாபகம் வருவது நீதிமன்றம்: குற்றம் செய்யாதவர். அப்படியென்றால் ஏதோ வழக்கு இருக்கிறதோ என்று கேட்கத் தோன்றும். உலகம் தெரியாதவன் என்று சொல்ல “நைஈவ்”, சாதுவானவன் என்று சொல்ல “ஜென்ட்டில்”.

வெட்கத்துக்கு மூன்று சொல் வேண்டும். ஆட்களோடு பழகக் கூச்சப்படுகிற பிள்ளை “ஷை”. கலியாண வீட்டில் சாறியில் சாம்பாரை ஊற்றிக்கொண்டால் வருவது “எம்பரஸ்ட்”, அதில் ஒழுக்கப் பிரச்சினை ஒன்றும் இல்லை, நாலு பேர் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் பிரச்சினை. செய்யக்கூடாததைச் செய்துவிட்டு, ஒருவரும் பார்க்காவிட்டாலும் உள்ளுக்குள் கூனிக் குறுகினால் அது “அஷேம்ட்”. இந்த வேறுபாடு தெரியாமல் “ஐ வொஸ் ஷை பிகோஸ் ஐ லைட் டு மை டீச்சர்” என்றால் பொய் சொன்னதற்காக நாணப்பட்டேன் என்று ஆகிவிடும். “ஐ வொஸ் அஷேம்ட் ஒஃப் மைசெல்ஃப்” என்பது சரி. “ஷேம்லெஸ்” என்பது எங்கட “வெட்கம் கெட்ட”, வசையாகத்தான் வரும்.

மானம் இன்னும் சிக்கல். குடும்ப மானம் என்று நாங்கள் சொல்வதில் முக்கால்வாசி உண்மையில் “றெப்யூட்டேஷன்”, ஊர் என்ன நினைக்கும் என்பது. “டிக்னிட்டி” ஒரு மனிசனுக்குப் பிறப்பால் உள்ளது, ஊர் குடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. “ஹி லொஸ்ட் எவ்ரிதிங், பட் ஹி கெப்ட் ஹிஸ் டிக்னிட்டி”, எல்லாம் போனாலும் ஆள் நிமிர்ந்தே நின்றார். முகாமில் தட்டை நீட்டி வரிசையில் நின்றவர்களைப் பற்றிக் கதைக்கும்போது இந்தச் சொல்லைத்தான் தேட வேண்டும், றெப்யூட்டேஷனை அல்ல. “ஒனர்” என்ற சொல்லைக் குடும்பத்தோடு சேர்த்து “ஃபமிலி ஒனர்” என்று சொல்லும்போது கவனம், வெளிநாட்டுச் செய்திகளில் அது பெண் பிள்ளைகளைக் கொன்ற வழக்குகளோடு சேர்ந்து அடிபட்ட சொல்.

பிறகு எங்கட “பிழை” என்ற சொல். அது கணக்கில் விட்ட பிழையும், ஆள் செய்த அநியாயமும், பழியும் எல்லாம்தான். கணக்குக்கு “மிஸ்டேக்”. யாரால் நடந்தது என்ற பொறுப்புக்கு “ஃபோல்ட்”: “இட்ஸ் மை ஃபோல்ட்”. ஒழுக்கத்துக்கு “ரோங்”: “வட் ஹி டிட் வொஸ் ரோங்”. பிழையான ஆள் என்பதை த ரோங் பேர்சன் என்று மாற்றினால் நீங்கள் தேடி வந்த ஆள் அவர் இல்லை என்றுதான் அர்த்தம் வரும், அவர் கூடாத ஆள் என்று வராது. “ஹி கான்ட் பி ட்ரஸ்டட்” என்று சொன்னால் விளங்கும்.

இந்தச் சொல் தேடல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. 1862இல் மதராஸில் வின்ஸ்லோ என்ற அமெரிக்க மிஷனரியின் பெரிய தமிழ் இங்கிலிஷ் அகராதி வெளிவந்ததே, அதற்கான வேலையை இங்கே தொடங்கி வைத்தவர் ஜோசப் நைட் என்ற மிஷனரி, வின்ஸ்லோ தானும் பல காலம் உடுவிலில் இருந்தவர். பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கும்போது பக்கத்தில் இருந்து சொல் பொறுக்கிக் குடுத்தவர் ஆறுமுக நாவலர், பிறகு சைவத்துக்காக அதே மிஷனரிமாரோடு மல்லுக்கட்டியவரும் அவரேதான்.

கூடாது என்று சொல்வது, பிரசங்கம் வைக்காமல்

“தட் இஸ் ரோங்” என்று முகத்துக்கு நேரே சொல்வது இங்கிலிஷில் கன்னத்தில் அறைகிற மாதிரி. வீட்டில் “அது பிழையப்பா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் அதையே சொன்னால் சண்டைக்கு வந்த ஆள் என்று நினைப்பார்கள். தன்னில் இருந்து தொடங்குவதே நல்லது: “ஐ வுட்ன்ட் ஃபீல் ரைட் சைனிங் திஸ்”, இதில் கையெழுத்து வைக்க எனக்கு மனம் ஒப்பாது. “ஐம் நொட் கொம்ஃபர்ட்டபிள் வித் திஸ்” இன்னும் மெதுவானது, ஆனால் அர்த்தம் உறுதியானது, அதை விளங்காதவர் போல நடிக்கிறவர்களும் விளங்கிக்கொண்டுதான் நடிக்கிறார்கள். “ஐ ட்ரோ த லைன் அட் லையிங்”, எதற்கும் வருவேன், பொய் என்றால் அதோடு சரி.

நடந்து முடிந்ததற்கு “ஷுட்ன்ட் ஹாவ்”: “ஹி ஷுட்ன்ட் ஹாவ் ஷௌட்டட் அட் ஹேர்.” ஆளையும் செய்கையையும் சேர்த்துச் சொல்ல “இட் வொஸ் அன்ஃபெயார் ஒஃப் ஹிம் டு லீவ் ஹேர் அவுட்”. இங்கே “ஒஃப்” தான் வர வேண்டும், “ஃபொர்” போட்டால் அர்த்தம் மாறும். கடுமையின் படிகளும் தெரிய வேண்டும். “அன்ஃபெயார்” லேசானது, “ரோங்” அதற்கு மேல், “டிஸ்கிரேஸ்ஃபுல்” வாயில் இருந்து போனால் திரும்ப எடுக்க முடியாது, “ஈவில்” என்பதைக் கொலைகாரருக்கும் கொடுங்கோலருக்கும் விட்டுவையுங்கள். பஸ்ஸில் மிச்சக்காசு தராத கொண்டக்டருக்கு அது பெரிய சொல். “இல்லீகல்” சட்டத்துக்கு மாறு, “இம்மொரல்” ஒழுக்கத்துக்கு மாறு, “அன்எதிகல்” தொழில் நெறிக்கு மாறு. “இம்மொரல்” எங்கட பக்கத்தில் உடனே ஆண் பெண் விவகாரம் போலக் காதில் விழும், வேலைத்தல விஷயத்துக்கு “அன்எதிகல்” பாதுகாப்பானது.

இதற்கு எதிர்ப்பக்கம் “ஜட்ஜ்மென்டல்”. புலம்பெயர்ந்த பிள்ளைகள் ஊருக்கு வந்தால் அடிக்கடி சொல்கிற முறைப்பாடு இது: “எவ்ரிவன் இஸ் ஸோ ஜட்ஜ்மென்டல் ஹியர்.” எவர் என்ன உடுத்தினார், யாரோடு மோட்டார்சைக்கிளில் போனார் என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் என்று சொல்கிறார்கள். கோவிக்காமல் “ஐம் நொட் ஜட்ஜிங் யூ, ஐம் ஜஸ்ட் வொரிட்” என்று ஒரு வசனம் பழகி வைத்திருங்கள், பெரியம்மாமாருக்கு மிகவும் பயன்படும். தான் மட்டும்தான் நல்லவர் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர் “செல்ஃப் ரைச்சஸ்”.

ஒரே குணம், ஆளைப் பொறுத்துப் பெயர் மாறும் என்பதையும் சட்டென்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்தவர் “த்ரிஃப்டி”, பிடிக்காதவர் “ஸ்டிஞ்சி”. ஒருவர் “ஃபேர்ம்”, உறுதியானவர், மற்றவர் “ஸ்டபன்”, பிடிவாதக்காரர். சிக்கனமும் கஞ்சத்தனமும் எங்களுக்குப் புதிதா என்ன.

வேலைத்தலத்துக்குத் தேவையானவை

அரசசார்பற்ற நிறுவனங்கள், வங்கி, வெளிநாட்டுக் கம்பனிகளின் தொலைவேலை, எங்கே போனாலும் ஒரு கேள்வி காத்திருக்கும்: “டெல் மி அபவுட் அன் எதிகல் டிலெமா யூ ஃபேஸ்ட்.” டிலெமா என்றால் வெறும் பிரச்சினை அல்ல, இரண்டு பக்கமும் ஏதோ ஒரு இழப்பு இருக்க வேண்டும். “ஐ வொஸ் டோர்ன் பிட்வீன் லொயல்ட்டி டு மை ஃப்ரெண்ட் அன்ட் மை டியூட்டி டு த ஒபிஸ்” என்று தொடங்கலாம், நண்பன் ஒரு பக்கம் இழுக்கக் கடமை மறுபக்கம் இழுத்தது. பிறகு என்ன செய்தீர்கள், ஏன், அதனால் என்ன நடந்தது. கதை சின்னதாக இருந்தாலும் காணும்: விளையாட்டுக் கழகக் கணக்கில் குறைந்த காசு, குழு வேலையில் ஒன்றும் செய்யாதவனின் பெயரையும் சேர்ப்பதா என்பது. பெரிய வீரக்கதை சொன்னால் நம்பமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு மிகவும் வேண்டிய சேர்க்கை “கொன்ஃப்லிக்ட் ஒஃப் இன்ட்ரெஸ்ட்”. சின்ன ஊர், நேர்முகம் எடுக்கிறவரும் வருகிறவரும் எங்கோ ஒரு சந்தியில் சொந்தம். சொந்தம் இருப்பது குற்றம் இல்லை, மறைப்பதுதான் குற்றம். அதனால் வினைச்சொல்லையும் சேர்த்துப் பழகுங்கள்: “ஐ நீட் டு டிக்ளேர் எ கொன்ஃப்லிக்ட் ஒஃப் இன்ட்ரெஸ்ட். வன் ஒஃப் த அப்ளிக்கன்ட்ஸ் இஸ் மை கசின்.” விண்ணப்பித்தவர்களில் ஒருவர் என் மச்சான் என்று முன்கூட்டியே சொல்வது. அடுத்து “ஐ வில் ஸ்டெப் அசைட்”, நான் ஒதுங்கிக்கொள்கிறேன். ஆள் பிடித்து வேலை எடுப்பது “புல்லிங் ஸ்ட்ரிங்ஸ்”, சொந்தக்காரனுக்கே குடுப்பது “நெப்பொட்டிசம்”, பிடித்தவனுக்குச் சலுகை “ஃபேவரிட்டிசம்”. கண்டும் காணாமல் விடுவது “டேர்ன் எ ப்ளைன்ட் ஐ”, வேலையில் களவு விட்டுக் குறுக்கு வழியில் முடிப்பது “கட் கோர்னர்ஸ்”, உள்ளே இருந்தபடி அநியாயத்தை வெளிப்படுத்துகிறவர் “விஸில் ப்ளோவர்”. கடைசிச் சொல்லைக் காட்டிக் குடுத்தவன் என்று மொழிபெயர்க்க வேண்டாம், எங்கட வரலாற்றில் அந்தச் சொல்லுக்கு வேறு பாரம் இருக்கிறது.

லஞ்சத்துக்குச் சாதாரணச் சொல் “ப்ரைப்”. எங்கட பழைய 1954ஆம் ஆண்டு லஞ்சச் சட்டத்தின் இங்கிலிஷ் பிரதியில் “கிராட்டிஃபிக்கேஷன்” என்று வந்தது, காசு மட்டும் அல்ல, எந்த நன்மையும் அதற்குள் அடங்கும். சாதாரணப் பேச்சில் அதே சொல்லுக்குத் திருப்தி என்று பொருள், ஆகவே சட்டத்துக்கு வெளியே அதைத் தொடாதீர்கள். அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023இல் வந்த 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை லஞ்சத்தையும் உள்ளே கொண்டுவந்தது, கம்பனி நேர்முகத்துக்குப் போகிறவர்களும் இந்தச் சொற்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பழகுகிற விதம்

ஐஈஎல்டிஎஸ் பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை தருவார்கள், யோசிக்க 1 நிமிடம், கதைக்க 1 முதல் 2 நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் பண்புப் பெயர்களை எழுதி வீணாக்காமல், ஆள் செய்த ஒரு காரியம், செய்யாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று, அதைப் பார்த்து உங்களுக்கு வந்த உணர்வு, இவ்வளவையும் துண்டுச் சொற்களாகக் குறியுங்கள். மூன்றாம் பகுதியில்தான் பொதுவாகக் கேட்பார்கள், பொய் சொல்வது எப்போதாவது சரியா, பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக் குடுப்பது வீடா பள்ளிக்கூடமா என்று. அங்கே “இட் டிப்பென்ட்ஸ்” என்று மட்டும் சொல்லி நிற்க வேண்டாம், எதைப் பொறுத்தது என்றும் சொல்ல வேண்டும்: “எ வைட் லை டு ஸ்பெயார் சம்வன்ஸ் ஃபீலிங்ஸ் இஸ் வன் திங், லையிங் ஃபொர் மணி இஸ் அனதர்.” மனம் நோகாமல் இருக்கச் சொல்கிற சின்னப் பொய் வேறு, காசுக்குச் சொல்கிற பொய் வேறு. “இட்ஸ் எ கிரே ஏரியா”, சரி பிழை தெளிவில்லாத இடம், என்பதும் கைகொடுக்கும், ஆனால் ஒரு தரத்துக்கு மேல் சொன்னால் தப்பி ஓடுவது தெரிந்துவிடும். புள்ளி போடுகிற நாலு அளவுகோலில் சொல்வளம் ஒன்றுதான். பெரிய சொல்லைத் தேடிக்கொண்டு நடுவில் நின்றுவிட்டால் சரளத்தில் போய்விடும்.

வீட்டில் பழக எங்களுக்குப் பஞ்சமே இல்லை. பின்னேரம் தேத்தண்ணியோடு ஊர்க்கதை வருமே, அதில் ஒன்றை எடுத்து இங்கிலிஷில் மூன்று வசனத்தில் சொல்லிப் பாருங்கள்: என்ன நடந்தது, ஆள் என்ன செய்திருக்க வேண்டும், நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள். “ஹி டிட்”, “ஹி ஷுட் ஹாவ்”, “ஐ வுட் ஹாவ்”. தொலைபேசியில் பதிவு செய்து திரும்பக் கேளுங்கள், தயங்கின இடத்தில் எந்தச் சேர்க்கை இல்லாமல் தயங்கினீர்கள் என்று பார்த்து அதை மட்டும் கொப்பியில் எழுதுங்கள், வசனத்தோடு. பெயரைச் சொல்லாமல் பழகுங்கள், சுவருக்கும் காது உண்டு, அதுவும் இங்கிலிஷ் விளங்குகிற காது.

உச்சரிப்பில் ஒன்றிரண்டு. ஒனஸ்ட், ஒனர் இரண்டிலும் முதல் எழுத்துக்குச் சத்தம் இல்லை, ஹொனஸ்ட் என்று ஊதாதீர்கள். வெளி வேஷக்காரனுக்கு “ஹிப்பொக்ரிட்”, ஹைப்போகிரைட் அல்ல. கிரேக்கத்தில் அது மேடையில் நடிக்கிறவனைக் குறித்த சொல், கூத்துப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதை மறக்க முடியாது. ஆனால் அதை ஆளின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம். “யூ டோன்ட் ப்ரக்டிஸ் வட் யூ ப்ரீச்”, நீ சொல்வது ஒன்று செய்வது ஒன்று, என்று சொன்னால் சண்டை கொஞ்சம் சின்னதாக முடியும்.